நாற்று வாடுமுன் கொடுக்க வேண்டியது: சேலம் உரக்கடைகளில் கிடைக்கும் உயிரூக்கிகள், ஒரு மதிப்புரை

மாசி பாதி தாண்டியதும் ஓமலூர், மேச்சேரி, வாழப்பாடிப் பக்கத்து உரக்கடைகளில் கறுப்புப் பாட்டில்கள் மேசைக்கு முன்னால் வந்துவிடும். எல்லாம் உயிரூக்கிகள், அதாவது செடியின் சொந்த வேலையைத் தூண்டிவிடும் பொருள்கள். கடற்பாசிச் சாறு, ஹியூமிக், அமினோ என்று பெயர்தான் வேறு வேறு. கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "அடிச்சுப் பாருங்க, நல்லாத் தூக்கிக் குடுக்கும்." தக்காளி நாற்றை நட்டுவிட்டு, கிணற்றில் மோட்டார் முக்கால் மணி நேரம்தான் ஓடுகிறது என்று நிற்பவருக்கு இந்தத் 'தூக்கிக் கொடுப்பது' உதவாது. அவருக்கு வேண்டியது நட்டபின் விடும் உயிர்த்தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தாங்கும் நாற்று. இந்த மதிப்புரை அந்த ஒன்றை மட்டும் வைத்தே ஒவ்வொரு பாட்டிலையும் எடை போடுகிறது. காய் பெருக்குமா, விளைச்சல் கூடுமா என்பதெல்லாம் வேறு கணக்கு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த உயிரூக்கியும் தண்ணீருக்கு மாற்று ஆகாது. மண் காயத் தொடங்கும்போது வேர் அப்சிசிக் அமிலம் என்ற செய்தியை இலைக்கு அனுப்புகிறது, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. செல்லுக்குள் புரோலின் போன்ற பொருள்கள் சேர்ந்து உள்ளிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடிக்கின்றன. வெயிலில் உண்டாகும் நச்சு ஆக்சிஜனைத் தணிக்கும் நொதிகள் கூடுகின்றன. செடி தானாகவே செய்யும் வேலைதான் இது. உயிரூக்கி அந்த வேலையைக் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்கி வைக்கிறது, வேரையும் கொஞ்சம் கூட்டுகிறது. இதற்குச் சில நாள் பிடிக்கும். அதனால் வறட்சி வருவதற்கு 5 முதல் 7 நாள் முன்பே கொடுத்தால்தான் காசுக்குப் பலன். இலை தொங்கிய பிறகு அடித்தால் துளைகள் மூடிக் கிடக்கும், மருந்து உள்ளே போகாது. இலைமேல் காய்ந்து போகும் உப்பு ஓரத்தைக் கருக்கிவிடும். "அடிச்சும் காப்பாத்த முடியல" என்று கடையில் வந்து சண்டை போடுகிறவர்களில் பெரும்பாலோர் வாடின பிறகு அடித்தவர்கள்.

கடற்பாசிச் சாற்றிலிருந்து தொடங்கலாம், அதிகம் விற்பது அதுதான். பாட்டிலில் 'கடற்பாசி' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, எந்தப் பாசி என்று பார்க்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் கடற்கரையில் வளர்க்கும் காப்பாஃபைகஸ் சிவப்புப் பாசி வகை. அதைப் பிழிந்தெடுக்கும் சாற்றில் பொட்டாசியமும் செடியின் வளர்ச்சிப் பொருள்களும் இயல்பாகவே இருக்கும். வட அட்லாண்டிக் கரையில் எடுக்கும் அஸ்கோஃபில்லம் பழுப்புப் பாசி. ஆல்ஜினேட், மானிட்டால், லாமினாரின் எல்லாம் அதில்தான் உண்டு. அதைப் பெரும்பாலும் காரத்தில் வேகவைத்து எடுக்கிறார்கள், அதனால் பிஹெச் ஏறியே இருக்கும். வறட்சிக்கு இரண்டுமே உதவுகின்றன. ஆனால் இரண்டையும் ஒரே அளவில் ஊற்றக்கூடாது, லேபிளில் அந்தப் பாட்டிலுக்குச் சொன்ன அளவுதான் கணக்கு. சந்தையில் உள்ள பெரும்பாலான அடர்த்திச் சாறுகளுக்கு லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி போதும்.

குழித்தட்டு நாற்றுக்கு இதை இலையில் தெளிப்பதைவிட வேரில் ஊற்றுவதே மேல். 98 குழித் தட்டு ஒன்றுக்கு அரை லிட்டர் கரைசல், அதாவது குழிக்கு ஏறத்தாழ 5 மில்லி. லிட்டருக்கு 2 மில்லி வீதம் கரைத்து, முதலில் வெறும் தண்ணீரில் தட்டை நனைத்துவிட்டு, பிறகு பூவாளியால் ஊற்ற வேண்டும். காய்ந்த கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) நேராக ஊற்றினால் குழியின் ஓரமாக வழிந்து அடித்துளையில் போய்விடும். தக்காளிக்கு விதைத்த 12ஆம் நாள் ஒருமுறை, நடவுக்கு 5 நாள் முன்பு ஒருமுறை, அவ்வளவுதான். ஏக்கருக்கு 100 தட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு முறைக்கு 50 லிட்டர் கரைசல், 100 மில்லி சாறு. லிட்டர் பாட்டில் 600 ரூபாய் என்றாலும் ஒரு முறைக்கு ஆவது 60 ரூபாய்தான். நட்ட பிறகு முழு வயலிலும் தெளித்தால் இதைவிடப் பல மடங்கு மருந்து போகும். தட்டிலேயே கொடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இதில் அதிகம் நடக்கும் தவறு அளவைக் கூட்டுவது. "ரெண்டு மில்லிக்கு இவ்வளவுன்னா பத்து மில்லிக்கு?" என்று ஊற்றினால் வேர் நின்றுபோகும். வளர்ச்சிப் பொருள்கள் சிறு அளவில் வேரைத் தூண்டும், மிகுந்தால் அதே வேரை அடக்கும். அப்படி ஊற்றிய நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் கோகோபீட் கட்டி அப்படியே உதிர்ந்து விழும். நல்ல நாற்றில் குழியின் வடிவத்துக்கே கட்டி வரும், வெள்ளை வேர் அதைக் கூடை பின்னியது மாதிரி பிடித்திருக்கும். இன்னொரு கோளாறு உப்பு. நன்றாகக் கழுவாத கோகோபீட்டிலேயே உப்பளவு அதிகம், அதன்மேல் இந்தச் சாற்றையும் ஊற்றினால் விதையிலை நுனி பழுப்பாகிச் சுருளும். நர்சரிகளில் உள்ள கைமீட்டரில் இசி எனும் உப்பளவு 1-ஐத் தாண்டுகிற கோகோபீட் என்றால், முதலில் இரண்டு முறை தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகுதான் இதைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

அடுத்தது பிபிஎஃப்எம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த திரவ நுண்ணுயிர். வறட்சிக்கு என்று காசு செலவழிக்க ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் எங்கள் கை இதன் பக்கம்தான் போகும். மெத்திலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்புப் பாக்டீரியா இது, இலையின் மேல்தான் குடியிருக்கும். இலை வளரும்போது செல்சுவரிலிருந்து மெத்தனால் கசியும். அதைத் தின்று வாழ்ந்துகொண்டு, பதிலுக்கு சைட்டோகைனின், ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள்களைத் தருகிறது. செடியை மூப்படையவைக்கும் எத்திலீன் வாயு ஆகப்போகிற பொருளையும் இதன் சில இனங்கள் உடைத்துவிடுகின்றன. வறட்சியில் அடி இலை சீக்கிரம் மஞ்சளாகி உதிர்வது எத்திலீனால்தான். பிபிஎஃப்எம் அடித்த மிளகாய் நாற்றில் அடி இலை இரண்டு நாள் கூடுதலாகப் பச்சையாக நிற்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

அளவு 1 சதம், அதாவது லிட்டருக்கு 10 மில்லி, 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி. காலை எட்டரை மணிக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி நுண்துளி நாசிலில் அடிக்க வேண்டும். நடவுக்கு ஒரு வாரம் முன்பு தட்டில் ஒருமுறை, நட்டு வேர் பிடித்த பிறகு பத்துப் பன்னிரண்டாம் நாள் வயலில் ஒருமுறை.

உயிருள்ள பொருள் என்பதால் இதைக் கெடுப்பதற்கு வழிகள் ஏராளம், பெரும்பாலும் டேங்கிலேயே செத்துவிடுகிறது. முந்தின நாள் காப்பர் ஆக்சிகுளோரைடு அடித்த டேங்கில் மீதியோடு கலந்தால் ஒரு பாக்டீரியாவும் மிஞ்சாது. பூஞ்சணக் கொல்லியோ பாக்டீரியாக் கொல்லியோ அடித்தால் முன்னும் பின்னும் பத்து நாள் இடைவெளி வேண்டும். டவுன் பக்கத்து மாடித்தோட்டக்காரர்கள் மேட்டூர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே கலக்கிறார்கள், அதில் உள்ள குளோரின் கொன்றுவிடும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டுக் கலக்கலாம். கடையிலேயே கெட்டுப்போவதும் உண்டு. தகரக்கூரைக் கடையில், சித்திரை வெயிலில், கண்ணாடி ஓரத்து அலமாரியில் இரண்டு மாதம் நின்ற பாட்டிலில் என்ன உயிர் இருக்கும்? வாங்கும்போதே உற்பத்தித் தேதியைப் பார்க்க வேண்டும். லேசான இளஞ்சிவப்பு தெரிய வேண்டும், திறந்தால் அழுகல் வாடை அடிக்கக்கூடாது. பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ புதிதாக வாங்கினால் இந்தக் கவலை குறையும். சேலம் மாவட்டத்துக்கான அறிவியல் நிலையம் சந்தியூரில் இருக்கிறது. இருப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஹியூமிக் பற்றி எழுதும்போது சேலத்துத் தண்ணீரைப் பற்றி எழுதாமல் முடியாது. பழுப்பு நிலக்கரியிலிருந்து காரத்தில் கரைத்து எடுக்கும் பொருள் இது. நெய்வேலியில் வெட்டுவதும் அந்த நிலக்கரிதான். பக்க வேர் வெடிப்பதை இது கூட்டும், நாற்று மண்ணைச் சீக்கிரம் பிடிக்கும். அங்ககம் குறைந்த நம் செவ்வல் மண்ணில் இது நன்றாகவே தெரியும். ஆனால் இங்கே போர்த்தண்ணீர் கடினத் தண்ணீர். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் எடுக்கும் மாக்னசைட் பூமியை ஒட்டிய இடங்களில் மக்னீசியமும் சேர்ந்துகொள்ளும். கால்சியமும் மக்னீசியமும் ஹியூமிக்கைப் பிடித்துக் கரையாத கட்டியாக்கி அடியில் தள்ளிவிடும். டேங்கின் மேல் பாதியில் பழுப்புத் தண்ணீர், அடியில் சேறு, சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு. இதைப் பார்த்துவிட்டு ஹியூமிக்கே போலி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் தப்பு தண்ணீரில்.

இதைச் சோதிக்க ஒரு வெள்ளைத் தண்ணீர் பாட்டில் போதும். உங்கள் போர்த்தண்ணீரை ஒரு லிட்டர் பிடித்து, தெளிக்கப்போகும் அதே அளவில் ஹியூமிக்கைக் கலந்து குலுக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் அடியில் மை மாதிரிப் படிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். படிந்தால் மழைத் தண்ணீர் அல்லது தேக்கிவைத்த ஏரித் தண்ணீரில் கரைத்து நாற்றுத் தட்டுக்கு மட்டும் ஊற்றலாம், சொட்டுநீரில் விடவே கூடாது. போலியைக் கண்டுபிடிக்க இன்னொரு சோதனை உண்டு. மழைத் தண்ணீரில் கரைத்து ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். உண்மையான ஹியூமிக் அமிலத்தில் நிற்காது. கொஞ்ச நேரத்தில் கறுப்புத் துகள்களாகத் திரண்டு இறங்கும், மேலே தேன் நிறத் தண்ணீர் தெளியும். சாயத் தண்ணீரோ காகித ஆலைக் கழிவோ கலந்த பாட்டில் என்றால் எத்தனை பழம் பிழிந்தாலும் பெரும்பாலும் தம்ளர் முழுக்க ஒரே கறுப்பாக நிற்கும். இந்தச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்யலாம், கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குப் போகலாம்.

நாற்றுக்கு 98 சதம் என்று போட்ட செதில் வகை லிட்டருக்கு 1 கிராம், 12 சத திரவ வகை லிட்டருக்கு 2 மில்லி. வேரில் மட்டும் ஊற்ற வேண்டும், இலையில் அடித்து வறட்சிக்கு ஒன்றும் பெரிதாக நடக்காது. காரத்தன்மை உள்ள பொருள் என்பதால் பிபிஎஃப்எம், சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்களோடு ஒரே டேங்கில் சேர்க்காதீர்கள், குறைந்தது மூன்று நாள் தள்ளி விடுங்கள். எங்கள் மதிப்பில் ஹியூமிக் துணைப்பொருள்தான். தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால் வாங்கலாம், கடினத் தண்ணீர் என்றால் அந்தக் காசில் இன்னும் இரண்டு மூட்டை நன்றாக மக்கிய தொழுவுரம் போடலாம்.

வீட்டிலேயே செய்வதில் முருங்கை இலைச் சாறு உண்மையாகவே வேலை செய்யும் பொருள். முருங்கைக் கொழுந்தில் சியாட்டின் என்ற சைட்டோகைனின் நிறைய உண்டு, கூடவே வைட்டமின் சி, பொட்டாசியம், கால்சியம். இலை மூப்படைவதைத் தள்ளிப்போடுகிறது. சேலத்தில் எந்த வேலியோரத்தில் முருங்கை இல்லை? ஒரு கிலோ இளம் இலையையும் கொழுந்தையும் காம்பு நீக்கி, 100 மில்லி தண்ணீர் மட்டும் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, மறுபடி மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டுங்கள். ஒரு பங்கு சாறுக்கு 30 பங்கு தண்ணீர், 10 லிட்டர் டேங்குக்கு 330 மில்லி வரும். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். அரைத்த ஐந்து மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் புளித்துப் போகும். பழுத்த இலையை அரைத்தாலும், தண்ணீரை ஊற்றி ஊற்றி நீர்த்தாலும் பலன் போய்விடும். "நாங்களும் அடிச்சோம், ஒண்ணும் தெரியல" என்பவர்களிடம் எத்தனை லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்தீர்கள் என்று கேட்டால் காரணம் வெளியே வரும். செலவு கைவேலை மட்டும்தான். பத்து இருபது தட்டு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இதைவிடச் சிக்கனமானது கிடையாது. ஆயிரம் தட்டு போடும் நர்சரிக்கு ஒத்துவராது.

பஞ்சகவ்யம் இந்தப் பட்டியலில் வரத்தான் வேண்டும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் இதை விவசாயத்துக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே கொங்குச் சீமையில் இதற்கு இடமுண்டு. நாற்றின் வேரை 3 சதக் கரைசலில், அதாவது 10 லிட்டருக்கு 300 மில்லியில், 20 நிமிடம் நனைத்து நடுவது நல்ல பழக்கம்தான். வேர் பிடிக்கும், நோய் குறையும். ஆனால் வறட்சிக்கென்று பார்த்தால் தொட்டிக்குத் தொட்டி வித்தியாசப்படும் பொருளை நம்பி அளவு சொல்ல முடியாது. இரண்டு நிஜ இலை வராத நாற்றின் மேல் தெளித்தால் கருகுவதும் உண்டு. மீன் அமிலம் தழைச்சத்து மிகுந்தது, இலையை மென்மையாக்கிவிடும். வறட்சிக்குப் போகப்போகிற நாற்றுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம்.

இந்த மென்மை விஷயத்தில்தான் சில பளபளப்பான 'டானிக்' பாட்டில்கள் விவசாயியை ஏமாற்றுகின்றன. அடித்த நான்காம் நாளே நாற்று குபுகுபுவென்று எழும்பி, இலை கரும்பச்சை கட்டினால் சந்தோஷப்படாதீர்கள். யூரியாவோ, தண்டை நீட்டும் ஜிப்பரெல்லினோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு வெளுத்து மெலிந்த நாற்று வெயிலில் முதல் நாளே மடிந்து விழும். வறட்சிக்குத் தயாரான நாற்று பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. குட்டையாக, தண்டு லேசாக ஊதா ஓடி, இலை தடித்து, வேர் அடர்த்தியாக இருக்கும். இதற்கு எந்தப் பாட்டிலும் தேவையில்லாத ஒரு வழி நர்சரிக்காரர் கையிலேயே இருக்கிறது. கடைசி ஐந்தாறு நாள் நிழல்வலையை விலக்கி, தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, மதியம் லேசாகத் துவளவிட்டு மாலையில் தண்ணீர் காட்டுவது. நாற்றைக் கடினப்படுத்தாமல் உயிரூக்கி மட்டும் ஊற்றுவது வீண். செழிப்பாகத் தெரிந்தால்தான் விற்கிறது என்பதற்காகக் கடைசி நாள்வரை தண்ணீரும் தழைச்சத்தும் கொடுத்து அனுப்பும் நர்சரிகள் இருக்கின்றன. நாற்று வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கடைசியா எப்போ தண்ணி குறைச்சீங்க?"

சேலத்தில் வறட்சி என்று பேசிவிட்டு மரவள்ளியை விட முடியாது. அதற்கு நாற்று கிடையாது, கரணைதான், அதாவது தண்டுத் துண்டு. மானாவாரியில் 15 முதல் 20 சென்டிமீட்டர், 8 முதல் 10 கணு உள்ள கரணைகளை லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த தண்ணீரிலும், அரை சத துத்தநாக சல்பேட், அரை சத இரும்பு சல்பேட் கரைசலிலும் 20 நிமிடம் ஊறவைத்து நடுவது பல்கலைக்கழகப் பரிந்துரை. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களை லிட்டருக்கு 30 கிராம் வீதம் கரைத்து 20 நிமிடம் நனைப்பதும் உண்டு. இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள், உப்பில் நனைத்த கரணையை நிழலில் உலர்த்திவிட்டு நுண்ணுயிரில் நனையுங்கள். இதை ஒழுங்காகச் செய்தாலே முளைப்பு சீராக இருக்கும், பாடுவாசி நிரப்ப வேண்டிய குழி குறையும். மரவள்ளிக் கரணைக்கு விலையுயர்ந்த கடற்பாசிச் சாறு வாங்கச் சொல்லி வற்புறுத்தும் கடைகளுக்கு எங்கள் பரிந்துரை கிடையாது. மரவள்ளி பற்றி ஐயம் இருந்தால் ஏத்தாப்பூரில் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

லேபிள் பற்றி ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில்தான் உயிரூக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. அதுவரை யார் எதை வேண்டுமானாலும் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்ற நிலை. அதன் பிறகு தற்காலிகப் பதிவில் ஓடிக்கொண்டிருந்தவற்றின் காலம் 2025 ஜூன் 16-உடன் முடிந்தது. இப்போது ஆணையின் அட்டவணையில் சேர்ந்த பொருள்கள்தான், அதில் சொன்ன பயிருக்கும் அளவுக்கும்தான் விற்கப்பட வேண்டும். உள்ளிருக்கும் பொருள் எத்தனை சதம், எந்தப் பயிருக்கு, எவ்வளவு, உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, இவை இல்லாத பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூச்சிமருந்து எச்சம் 0.01 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் ஆணை சொல்கிறது. "இயற்கை" என்று போட்ட பாட்டிலை அடித்ததும் பூச்சியும் சேர்ந்து செத்தால் சந்தேகப்பட வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் இதில் எதையும் பிறகு கேட்க முடியாது.

எங்கள் மதிப்பீட்டைக்கூட நம்ப வேண்டியதில்லை, நான்கு தட்டு இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒரே விதைப்பை, ஒரே கோகோபீட், ஒரே நாள் விதைப்பு. முதல் தட்டுக்கு வெறும் தண்ணீர், இரண்டாவதுக்குக் கடற்பாசி, மூன்றாவதுக்கு பிபிஎஃப்எம், நான்காவதுக்கு முருங்கைச் சாறு. நான்குக்கும் ஒரே அளவு ஈரம் போக வேண்டும் என்பது முக்கியம். மருந்துத் தட்டுக்கு மட்டும் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டு, தாங்குகிறது என்றால் அது தண்ணீரின் வேலை. 20ஆம் நாளுக்கு மேல் காலையில் நான்கையும் நன்றாக நனைத்து வடியவிட்டு, வெயிலில் வைத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்துங்கள். எந்தத் தட்டில் பாதி நாற்று எத்தனை மணிக்குத் துவள்கிறது என்று குறியுங்கள். எல்லாம் துவண்டதும் மாலையில் தண்ணீர் காட்டி, மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்து நிற்பவற்றை எண்ணுங்கள். துவளும் நேரத்தைவிட இந்த மறுநாள் எண்ணிக்கைதான் வயலில் நடக்கப்போவதைச் சொல்லும். வெறும் தண்ணீர்த் தட்டோடு வித்தியாசமே இல்லை என்றால் அந்தப் பாட்டில் உங்களுக்குத் தேவையில்லை.

மலைமேல் கணக்கு வேறு. ஏற்காட்டில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் மார்கழி தொடங்கி, காபியைப் பூக்கவைக்கும் பூ மழை விழும் பங்குனி, சித்திரைவரை முதல் வருடத்துக் காபிக் கன்றுக்கு உயிர்ப் போராட்டம்தான். மார்கழி, தை மாதங்களில் விதைத்து, பைக்கு மாற்றி வளர்க்கும் நாற்றுக்குக் காட்டு மண் 6 பங்கு, தொழுவுரம் 2, மணல் 1 என்ற கலவைதான் அடிப்படை. அதோடு பைக்கு 5 முதல் 10 கிராம், வேருக்குத் துணைநிற்கும் வேர்ப்பூஞ்சணம், கடைகளில் 'வாம்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அது உரச் சட்டப்படி உயிர் உரம்தான், உயிரூக்கி அல்ல. ஆனாலும் வேர் எட்டாத இடத்து ஈரத்தை இழுத்துத் தருவதில் மேலே சொன்ன எந்தப் பாட்டிலும் இதற்கு நிகரில்லை. நாற்றை மாற்றும்போதே வேரின் கீழ் போட வேண்டும், பிறகு மேலே தூவினால் பயனில்லை. பையில் சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் இந்தப் பூஞ்சணம் வேரில் ஒட்டாது. பிபிஎஃப்எம்மைக் கார்த்திகைக் கடைசியில், மழை விடைபெறும்போது ஒருமுறை அடிப்பது சரியான நேரம். இலைத்துருவுக்குச் செம்பு கலந்த போர்டோ கலவை அடிக்கிற தோட்டங்களில் இரண்டுக்கும் நடுவே பத்து நாளாவது விட வேண்டும், செம்பு இந்தப் பாக்டீரியாவுக்கு எமன்.

இவ்வளவும் செய்தும் தை மாதம் பத்துக்கு இரண்டு கன்று காய்ந்தால், மருந்தைத் திட்டுவதற்கு முன் காய்ந்த கன்றைப் பிடுங்கி ஆணிவேரைப் பாருங்கள். பைக்கு மாற்றும்போது குழி போதாமல் வேர் மடங்கியிருக்கும், அல்லது பையின் அடியில் சுருண்டு கொக்கி மாதிரி மேலே திரும்பியிருக்கும். அந்த வேர் கீழே இறங்காது, கீழே இறங்காத வேருக்கு மேல்மண் காய்ந்த அன்றே சாவு. நாற்றை மாற்றும்போது குச்சியால் ஆழமாகத் துளை போட்டு, வேரை நேராக இறக்கி, ஒரு சொடுக்கு மேலே இழுத்துவிட்டு மண்ணை அணைக்க வேண்டும். தோட்டத்தில் நடும்போது பையின் அடியை ஒரு அங்குலம், சுருண்ட வேரோடு சேர்த்து, கூர்மையான கத்தியால் வெட்டி எறிந்துவிட்டுத்தான் குழியில் வைக்க வேண்டும்.